கழிவு, இரண்டு உருப்படி

கேட் பாஸில் அப்படித்தான் எழுதினார் சூப்பர்வைசர்.
செக்யூரிட்டி விரலால் தொட்டு எண்ணினான்:
ஒன்று, இரண்டு.
மறுபடி ஒன்று, இரண்டு.

விளிம்பில் துரு. நுனியில் ஓர் உரிசல்.
ஆறு வருடம் யார் யார் கால்களுக்கோ
வாடகைக்குப் போய்வந்த ஸ்கீ.
மாலுக்குள் கண்ணாடிக்கு அந்தப்பக்கம்
மைனஸ் இரண்டு டிகிரி.
இந்தப்பக்கம் நான்,
ஊருலகத்துக் கால் ஈரத்தையெல்லாம்
சூடான குழாய்களில் கவிழ்த்துவைக்கிறவன்.
பனியைத் தினமும் பார்க்கிறேன்.
கூட்டித் தள்ளியிருக்கிறேன்.
சறுக்கியதில்லை.

விடியுமுன் ஐபெக்கின் நிஸ்ஸான் சன்னியில்
டாஷ்போர்டிலிருந்து பின்கண்ணாடி வரை
எங்கள் இருவருக்கும் நடுவே படுத்துவந்தன,
கோபித்துக்கொண்ட தம்பதி
குறுக்கே போட்ட தலையணை மாதிரி.

பதாயர். சிவப்பு மணல்.
பனிக்கூடத்தில் ஏற்றிவிடப் பெல்ட் ஓடும்.
இங்கே கால்தான் ஓட வேண்டும்.

முதுகுப்பையின் இருபக்கமும் ஒவ்வொன்றாகச் சொருகி
மேல்நுனிகளை ரப்பர் பட்டையால் இறுக்கினான் ஐபெக்.
தலைக்குமேல் ஒரு கூரைமுகடு,
கீழே வீடில்லாமல்.
"எங்க கிர்கிஸ் மலையில லிஃப்ட் ஓடினால்தான் அதிசயம்"
என்றான், எங்களுடைய அரைகுறை இந்தியில்.

இரண்டடி வைத்தால்
ஒன்றரை அடியைப் பிடித்துக்கொண்டுதான் தருகிறது மணல்.
குதிகால் தூக்கும்போதெல்லாம்
கெண்டைக்காலில் வால் வந்து தட்டுகிறது,
எக்ஸ்சேஞ்ச் வரிசையில் பின்னால் நிற்கிறவன் போல:
நகரு. நகரு.
காற்று வந்தால் நுனிகள் ஒரு பக்கம் போகப் பார்க்கின்றன,
நான் ஒரு பக்கம்.

வீடியோ அழைப்பில் மச்சான் தவசி:
"என்னடா, காவடியா?"
காவடிக்கு ஒரு நேர்த்தி இருக்கும்.
இறக்கிவைக்க ஒரு சந்நிதி இருக்கும்.
இதைச் சும்மாதான் தூக்குகிறேன்
என்று சொல்ல வாயெடுத்தேன்,
சிக்னல் போனது.

குவாட் பைக் பையன் ஒருவன் வட்டமடித்து நின்றான்.
முப்பது திர்ஹாம், உச்சிவரை.
வேண்டாம் என்றேன்.
முப்பது திர்ஹாமை நினைத்தா, வேறெதையுமா,
இப்போதும் தெரியவில்லை.

முதுகில் விழுந்த வெயில்
என்னை எனக்கு முன்னால் நீட்டிப் போட்டது:
ஒற்றைக் கொம்பு முளைத்த
நெட்டையான யாரோ.
அவனுக்கு மூச்சிரைக்கவில்லை.

ஐம்பது நிமிடம்.
உச்சி என்பது ஒரு விளிம்பு, அவ்வளவுதான்.
உட்கார்ந்தால் ஆளுக்கொரு சரிவில் ஒரு கால்.
பட்டையை அவிழ்த்து
இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.
பைண்டிங் வாய்திறந்து காத்திருந்தது.

"பூட்ஸ்?" என்றான் ஐபெக்.
"பூட்ஸ்?" என்றேன் நான்.

ஒரு நாளைக்கு நானூறு ஜோடிக்குக்
கணக்குச் சொல்கிறவன் நான்.
எந்தச் சைஸ் எந்தக் குழாயில் என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

ஐபெக் மல்லாந்து விழுந்து சிரித்தான்,
வாயில் மணல் போகும்வரை.
செருப்புக் காலோடு ஏறி நின்று பார்த்தேன்.
ஒரு சாண் வழுக்கியது.
நின்றது.
அந்த ஒரு சாணை
யாரிடமும் இதுவரை சொல்லவில்லை.

மறுபடி முதுகில் கட்டி இறங்கினோம்.
ஏறும்போது தட்டிய வால்கள்
இறங்கும்போது மணலில் ஊன்றி
ஒவ்வோர் அடிக்கும் என்னைப் பிடித்து நிறுத்தின,
இப்பவே என்ன அவசரம் என்று.

அடிவாரத்தில் திரும்பிப் பார்த்தால்
என் காலடிகள் சரிந்து மூடிக்கிடக்க
உச்சியிலிருந்து கீழேவரை
இரண்டு கோடுகள்,
கூடவே கூடவே.

குவாட் பையன் வண்டியை நிறுத்தி அதைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
கட்டைவிரலை உயர்த்தினான்.
நான் மறுக்கவில்லை.

காரின் பின்சீட்டில்
பூட்ஸ் பை
பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது.